கறுப்பு மண் கொம்பனியின்ர கதவடியில

கதவடியில கதிரை போட்டு இருந்து சம்பளம் வாங்கிறது சுகமான தொழில் எண்டு நினைக்கிறவை, ஒரு கிழமை வந்து என்ர கதிரையில இருந்து பாக்கட்டும். வாற எல்லாருக்கும் சிரிக்கோணும். துரை ஒளிச்சிருந்தா மீட்டிங்கில இருக்கிறார் எண்டு சொல்லோணும். பல்லு நோவெண்டாலும் பல்லைக் காட்டோணும். கழுத்தில அட்டை தொங்கவிட்டுக்கொண்டு திரியிற என்ர சகோதரங்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரியத் தேவையில்லை. நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். ஜேர்மனியில கோப்பை கழுவி, பேந்து இஞ்ச லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸ் பக்கம் குடியேறினவன். இங்கிலிசு கதைக்க வரும், வாசிக்க மூச்சு வாங்கும். எனக்குக் கிடைச்ச கதிரை லண்டன் நடுவில ஒரு கனிமக் கொம்பனியின்ர வாசலில.

மண்வெட்டி இல்லாத சுரங்கம்

கனிமக் கொம்பனி எண்டவுடன, தலையில லைட் பூட்டின தொப்பி, கரி பிடிச்ச முகம் எண்டெல்லாம் நினைச்சு, முதல் நாள் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனன். அங்க கம்பளத்தில கணுக்கால் புதையுது. ஒருத்தற்ற நகத்திலயும் ஊத்தை இல்லை. அவையின்ர வேலை, எங்கட நாட்டுக் கடற்கரையில கிடக்கிற கறுப்பு மண்ணை அள்ளுறதுக்கு லைசன்ஸ் வாங்கி வைச்சிருக்கிறது. இல்மனைட் எண்டு அதுக்குப் பேர். அந்தக் கறுப்பு மண்ணிலயிருந்துதான் வெள்ளைப் பெயின்ற் செய்யிறதாம். முகத்துக்குப் பூசுற கிரீமிலயும் போடுறதாம். எங்கட கடற்கரையில பிறந்து கறுத்த ஆக்கள், அதே மண்ணைக் காசு குடுத்து வாங்கி வெளுக்கப் பாக்கிறம்.

கொம்பனியின்ர பெரியவர் கொலின். நல்ல மனுசன், காலமை வரேக்க என்ர பேரைச் சொல்லித்தான் குட்மோர்னிங் சொல்லுவார். ராசலிங்கம் அவற்ற வாய்க்குள்ள போகாது, அதால ராஜ். சுரங்கம் எங்க இருக்கு, ஒருக்காப் பாக்கலாமோ எண்டு அவரிட்டக் கேட்டன். தன்ர கொம்பியூட்டரைத் தட்டிக் காட்டினார்.

"ராஜ், தோண்டுற வரைக்கும் எல்லாச் சுரங்கமும் இதுக்குள்ளதான்."

சுவரில தங்கச்சி

ஒரு திங்கக்கிழமை என்ர கதிரைக்கு மேல, சுவரில பெரிய படம் ஒண்டு கொழுவினவை. துளை போடுற மெஷின் ஒண்டுக்கு முன்னால கற்பூரம் எரியுது, ஒரு மனுசி தேங்காய் உடைக்கிறா. கீழ இங்கிலிசு. கொம்பனியில மண் ஆராய்ச்சி பாக்கிற ஹெலனிட்ட வாசிக்கச் சொன்னன். உள்ளூர்ச் சனம் எங்களை வரவேற்குது எண்டு போட்டிருக்காம். நான் அந்தச் சீலையைப் பாத்தன். அப்டன் பார்க்கில கடைக்காரனோட அரை மணித்தியாலம் இழுபறிப்பட்டு நான் வாங்கி அனுப்பின சீலை. அதுக்குள்ள நிண்டது என்ர தங்கச்சி செல்வி.

அண்டைக்கே போன் எடுத்தன். அவளின்ர ஊரில கிணத்துத் தண்ணி உப்பு. குடிக்கிற தண்ணி பவுசர் லொறியில வரும், வந்தா வரும். பழைய அரசாங்கம் இருக்கேக்க கொஞ்சப் பொடியள் லொறியில மெஷினோட வந்து, காணியில துளை போடலாமோ எண்டு கேட்டிருக்கிறாங்கள். குழாய்க்கிணறு அடிக்க வந்த ஆக்கள் எண்டு இவள் நினைச்சிட்டாள். கிணத்துக்கு முதல் மண் எடுக்கேக்க எங்கட ஆக்கள் செய்யிறதைச் செய்தாள். தேங்காய் உடைச்சு, கற்பூரம் கொழுத்தி, பொடியளுக்குச் சுடச்சுட வடையும் குடுத்தாள். அவங்கள் வடையைத் திண்டு, படத்தை எடுத்து, துளையை மூடிப்போட்டுப் போயிட்டாங்கள். அது அவளுக்குச் சீதனமாக் குடுத்த காணி. வீடும் அதிலதான். அதுக்குக் கீழதான் கொம்பனியின்ர கறுப்பு மண். அள்ளத் தொடங்கினா வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவினம் எண்டு ஆறுதலா விளங்கப்படுத்தினன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டுச் சொன்னாள்:

"அது கிடக்கட்டும் அண்ணை, தண்ணி எப்ப வரும் எண்டு உங்கட துரையிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

கழுத்துப்பட்டி கழண்ட கிழமை

பேந்து ஊரில தேர்தல் வந்து, சிவப்புக் கட்சிக்காரர் வெண்டிட்டினம். கனிமம் எல்லாம் சனத்தின்ர சொத்து, பழைய லைசன்ஸ் எல்லாத்தையும் திருப்பிப் பாப்பம் எண்டு சொல்லிச்சினம். எங்கட ஒபீஸ் செத்த வீடு மாதிரிப் போச்சு. அவையின்ர ஆக்கள் கதைக்க வந்தா பணக்காரர் மாதிரித் தெரியக்கூடாது எண்டு, கொலின் முதல் கழுத்துப்பட்டியைக் கழட்டினார். பிறகு தோல் கதிரையளை ஒரு அறைக்குள்ள தள்ளிப் பூட்டிப்போட்டு, பிளாஸ்டிக் கதிரை எடுப்பிச்சார். நல்ல பிஸ்கட் நிண்டு மலிவு பிஸ்கட் வந்தது. கொம்யூனிஸ்டுகள் என்ன சாப்பிடுவினம் எண்டு என்னட்டக் கேட்டார். பசிச்சாச் சாப்பிடுவினம் எண்டன். அதையும் பெரிய விசயமா யோசிச்சுக்கொண்டு போனார்.

பகிடி விட்டாலும் எனக்கு உள்ளுக்க புகைச்சல். லைசன்ஸ் நிலைச்சா செல்வியின்ர வீடு போகும். லைசன்ஸ் போனா கொம்பனி மூடும், என்ர கதிரை போகும். அறுபதைத் தட்டப்போற எனக்கு வேற ஆர் கதிரை தருவினம்? மனுசி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அர்ச்சனைச் சீட்டு எடுத்து, பேர் நட்சத்திரம் சொல்லியாச்சு. என்னத்தை வேண்டுறது எண்டதில வந்து இடறிப்போனன். அரசாங்கம் வெல்லோணுமோ, கொம்பனி வெல்லோணுமோ? பின்னால வரிசை நீளுது. மனுசி காதுக்குள்ள சொன்னா:

"ரெண்டில ஒண்டைக் கெதியா நினையுங்கோ, ஐயர் தீபத்தோட நிக்கிறார்."

ஷெயர் வாங்கின தொழிலாளி

அந்தக் கிழமைகளில கொம்பனியின்ர ஷெயர் விலை விழுந்துபோக, அதை வாங்கின ஆக்கள் போனிலயும் நேரிலயும் வந்து என்னைத்தான் பிச்சினம். நான்தானே முதல் ஆப்பிடுற ஆள். ஒரு நாள் ஒரு கிழவர் வந்தார், கை ரெண்டும் மண்வெட்டி மாதிரி. வேல்ஸில நிலக்கரிச் சுரங்கத்தில வேலை செய்தவராம். அந்தக் கட்டடத்துக்குள்ள நான் கண்ட முதலாவது உண்மையான சுரங்கக்காரன் அவர்தான். மருமகன் சொல்லி, பென்சன் காசில எங்கட ஷெயர் வாங்கிப்போட்டாராம்.

கொலின் மீட்டிங்கில எண்டு சொல்லி, மலிவு பிஸ்கட்டோட தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். என்ர ரெண்டுங்கெட்டான் கதையையும் சொன்னன். கத்த வந்த மனுசன் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சு, என்ர முதுகில ஒரு தட்டுத் தட்டினார்.

"நாற்பது வருசம் யூனியனில நிண்டு இந்தச் சிவப்புக்காரர் வெல்லோணும் எண்டு கொடி பிடிச்சன், நான் ஷெயர் வாங்கின பிறகுதானோ வெல்லோணும்?"

சாமான் லிஃப்டில வந்த அரசாங்கம்

புது அரசாங்கத்தில கனிம விசயம் பாக்கிற பெரிய ஆள் ஒருத்தர் கதைக்க வாறார் எண்டு சேதி. கொடி கட்டின கார் வரும் எண்டு கொலினும் ஹெலனும் முன் வாசலுக்கு வெளியில நிக்கினம். பக்கக் கதவால ஒரு மெலிஞ்ச மனுசன் வாறார். முதுகில பை, கையில பார்சல், ட்ரெயினால இறங்கி நடந்து வந்த வேர்வை. எனக்கு உடன விளங்கீட்டுது, மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த ஆள். சாமான் ஏத்துற லிஃப்டைக் காட்டினன். என்ர வாய் சும்மா கிடக்குதே? சாப்பாடு ஆறினா கொம்யூனிஸ்டுகள் உன்னையும் என்னையும் சேத்துச் சுடுவாங்கள் எண்டு இங்கிலிசில ஒரு பகிடியும் விட்டன். மனுசன் என்ர அட்டையில பேரைப் பாத்திட்டு, சரிங்கண்ணே எண்டு தமிழில சொல்லிப்போட்டு லிஃப்டில ஏறினார். மலையகத் தேயிலைத் தோட்டத்தில பிறந்து படிச்சு வந்தவர் எண்டு பேந்துதான் அறிஞ்சன். வரப்போற பெரிய ஆள் அவரேதான். பார்சலில இருந்தது அவற்ற சொந்தச் சாப்பாடு.

கதைச்சு முடிய எல்லாரும் என்ர மேசையடிக்கு இறங்கி வந்தினம். கொலின் படத்தைக் காட்டி, சனம் எங்களோட நிக்குது எண்டார். வந்த தோழர் படத்துக்குக் கிட்டப் போய்ப் பாத்தார். கிணறு தோண்டத்தானே இப்படிக் கற்பூரம் காட்டுவாங்க எண்டு என்னட்டத் தமிழில கேட்டார். நான் ஊரறிஞ்ச வாயாடி. அண்டைக்கு ஒரு சொல்லுக்கும் கணக்குப் பாத்தன். ஓம் எண்டா என்ர கதிரை போச்சு, இல்லை எண்டா செல்வியின்ர வீடு போச்சு. அது என்ர தங்கச்சி எண்டு மட்டும் சொல்லுவம் எண்டு தொடங்கினன். தொடங்கினது நிக்கேல்லை. உப்புத் தண்ணி, பவுசர், வடை வரைக்கும் வந்திட்டுது. என்ன கதை எண்டு கொலின் கேட்டார், அதை அப்பிடியே இங்கிலிசிலயும் சொன்னன். அவற்ற முகம் சிவந்துபோச்சு. துளை போட்ட கொந்தராத்துக்காரர் சொன்னதை அந்தாள் உண்மையெண்டுதான் நம்பியிருந்தது. ஹெலன் என்ர கதிரையை இழுத்துப் போட்டு அதில ஏறினா.

"ராஜ், மற்றப் பக்கம் பிடி, உன்ர தங்கச்சியை இறக்குவம்."

ஆர் தோண்டினா என்ன

தோழர் வெளிக்கிடேக்க, லிஃப்ட் விசயத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால போனன். தன்ர அப்பாவும் தோட்டத்தில கேற் காவல்காரன் எண்டு சொல்லிச் சிரிச்சார். அந்தத் துணிவில, வெள்ளைக்காரன் தோண்டினா என்ன, நீங்கள் தோண்டினா என்ன, என்ர தங்கச்சி விழுறது அதே குழிக்குள்ளதானே தோழர் எண்டு கேட்டன்.

மனுசன் எனக்குக் காதில பூச்சுத்தேல்லை. நாடு கடனில கிடக்குது, எங்கயோ ஒரு இடத்தில தோண்டத்தான் வேண்டி வரும், ஆனா சனம் குடியிருக்கிற இடத்தைத் தொடக்கூடாது எண்டு தான் எழுதுவன், முடிவு தன்ர கையில மட்டும் இல்லை எண்டார்.

"எங்க ஆளுங்க வந்தாலும், எதுக்குன்னு ஒங்க தங்கச்சிகிட்ட சொல்லாம மண்ணுல கை வச்சா, எனக்கே போன் போட்டு ஏசுங்கண்ணே."

கதிரை போன கதை

குளிர் முடியிறதுக்கிடையில முடிவு வந்தது. வீடுகள் இருக்கிற கடற்கரைத் துண்டை லைசன்ஸிலயிருந்து வெட்டிப்போட்டினம். செல்வியின்ர வீடு தப்பிச்சிது. மிச்சத் துண்டு கொம்பனிக்குக் கட்டாது, ஒபீசை மூடுறது எண்டாச்சு. வீட்டை வந்து சந்தோசத்தில ரெண்டு பிளேன்ரீயும் கவலையில ரெண்டு பிளேன்ரீயும் குடிச்சன். ஹெலன் கடைசிக் கிழமை, அந்தக் காணியில போட்ட துளையின்ர விபரத்தைத் தோண்டி எடுத்துப் பாத்தா. மேற்கு மூலையில ஆழம் குறைவா வெட்டினா நல்ல தண்ணி, பேராசைப்பட்டு ஆழப்போனா உப்பு எண்டு என்னைக் கொண்டே செல்விக்குப் போனில சொல்ல வைச்சா. ஊராக்கள் சேந்து வெட்டிச்சினம். இப்ப தேத்தண்ணி தேத்தண்ணி மாதிரி இருக்காம்.

கொலின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது எண்டுதான் எனக்குப் பயம். கடைசி நாள் என்னைக் கூப்பிட்டு, பூட்டி வைச்ச தோல் கதிரை ஒண்டில இருத்திப்போட்டு, பார்க்கிங் எண்ட ஊரில ஒரு கட்டடத்தின்ர வாசலுக்கு ஆள் தேடுற தன்ர கூட்டாளிக்கு எனக்கு முன்னாலயே போன் அடிச்சார்.

"இவனை எடு, நல்லாக் கதைப்பான், பொய் சொல்ல மட்டும் வராது, அதால எனக்கு ஒரு கொம்பனியே போச்சு."

முதலாளி பிடிச்சுத் தந்த புதுக் கதிரையில சாய்ஞ்சு இருந்துகொண்டு, பழைய கதிரையைப் பறிச்ச கொம்யூனிஸ்டுகளுக்கும் சேத்து நன்றி சொல்லுற ஆள் இந்த லண்டனில நான் ஒருத்தனாத்தான் இருப்பன்.