மார்த்தாவோடு போன கல்யாணம்

1. லைன் நின்றது

மார்த்தா எங்கள் ஷூ கம்பெனிக்கு வந்த முதல் நாளே ஸ்டிச்சிங் லைனை நிறுத்திவிட்டார். போர்ச்சுகல் நாட்டுக்காரர். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, எங்கள் பேச்சில் பயர், அனுப்பிய டெக்னீஷியன். ஐம்பது வயதைத் தாண்டியவர், நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார். பாதி தைத்த ஷூவின் மேல்தோலை எடுத்து, கண்ணை மூடி விரலால் தடவினார். தையல் ஓரம் சுருங்கியிருந்தது. "எல்லாவற்றையும் பிரியுங்கள்" என்றார்.

லைனில் இருந்த பெண்கள் குனிந்து பிரிக்கத் தொடங்கினார்கள். கலையரசி மட்டும் எழுந்தாள். டிகிரி முடித்துவிட்டு வேலைக்கு வந்தவள். மார்த்தாவிடம் தன் ஸ்டூலைக் காட்டி, "நீங்க உக்காந்து தெச்சிக் காமிங்க மேடம்" என்றாள். பேச்சை மாற்றிச் சொல்வதற்காகப் பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கும் முன்பே மார்த்தாவுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்தார், தைத்தார். வளைவில் தோல் தண்ணீரைப்போல் திரும்பியது. அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு தனி சிநேகம். ஒரே பாஷை கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் நின்று தோலைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

கல்யாணம் நிச்சயமானதும் கலையரசி என்னிடம் வந்தாள். "எஸ்தர் மேடம், நீங்க வரலன்னாகூட பரவால்ல. அவங்கள கூட்டினு வந்துடுங்க."

"நான் வரலன்னா அவங்க எப்டிடி வருவாங்க?" என்றேன்.

"அதான் மேடம் சொல்றேன்" என்று சிரித்தாள்.

2. பனிக்குள் போன கார்

அது மார்கழி கழிந்து தை பிறந்திருந்த சமயம். விடியும் முன்னே கெஸ்ட் ஹவுசுக்குப் போய் மார்த்தாவுக்குப் பச்சைப் பட்டுச்சேலை கட்டிவிட்டேன். இடுப்பில் கொசுவத்தைச் செருகியபோது அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு குழந்தையாக நின்றார். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது யார்?" என்று கேட்டார்.

கார் வாணியம்பாடி ரோட்டில் போனபோது பனி இறங்கியிருந்தது. மலை தெரியவில்லை. பாலாற்று மணலும் தெரியவில்லை. தென்னைகளின் தலைகள் மட்டும் கீழே ஒன்றும் இல்லாமல் மிதந்தன. எங்கேயோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அது முடியும் முன்பே கல்யாண மண்டபத்து நாயனம் கேட்கத் தொடங்கியது. எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. மார்த்தா கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். நான் பிறந்து வளர்ந்த ஊர். இருந்தும் அன்று அவருடைய கண் வழியே பார்த்ததாலோ என்னவோ, ஒரு முறைகூட வராத இடத்துக்குப் போவதுபோல் இருந்தது.

மண்டபத்து வாசலில் ஒருவர் பன்னீர் தெளித்தார். மார்த்தா இமையில் விழுந்த துளியைத் துடைக்கவில்லை. உள்ளே ஊதுவத்திப் புகை, மல்லிகை, சாம்பார் கொதிக்கும் வாசனை. பிள்ளைகள் அவர் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினார்கள். அவர் வேறு யாருடைய கால்களாலோ நடப்பவர்போல் மெல்ல நடந்து வந்தார்.

3. நலங்கு

மேடையில் கலையரசிக்கு நலங்கு நடந்துகொண்டிருந்தது. சுமங்கலிப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி, அவள் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எல்லாவற்றையும் நடத்தியவர் அவளுடைய அத்தை, இறந்துபோன அப்பாவுக்கு அக்கா. அவர் எங்களைப் பார்த்ததும், "வெள்ளக்காரம்மாவ மேல கூட்டினு வாங்க, அவங்க வெக்கட்டும்" என்றார்.

மார்த்தா மேடையேறினார். அத்தை சந்தனக் கிண்ணத்தை நீட்டப் போனவர், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அவங்க வீட்டுக்காரரு இருக்காரா? ஒரு வார்த்த கேளுங்க மேடம்."

மார்த்தாவிடம் கேட்டேன். யாரோ அன்பாக விசாரிக்கிறார்கள் என்று நினைத்து அவர் அத்தையைப் பார்த்துப் புன்னகைத்தார். "போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார்" என்றார், நெஞ்சில் கையை வைத்து.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

இந்த வேலையில் நான் எத்தனையோ பேச்சை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். பயர் "குப்பை" என்றால் லைனில் "கொஞ்சம் நீட்டா வேணுமாம்" என்பேன். அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. "ஊர்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டால் நலங்கு நடந்துவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் மார்த்தாவின் கை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது. அந்த மனிதரை என் வசதிக்காக உயிரோடு எழுப்ப நாக்கு வரவில்லை.

"தவறிட்டாராம்" என்றேன்.

அத்தையின் முகம் ஒரு நிமிஷம் தடுமாறியது. பிறகு, வந்த விருந்தாளியை எப்படி இறக்கிவிடுவது என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, அவங்க ஊர்ல அதெல்லாம் பாக்கமாட்டாங்க. பரவால்ல, வெக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் கலையரசி தலையைத் தூக்கினாள்.

"அவங்களுக்குப் பரவால்லன்னா, எங்கம்மாவுக்கு இன்னா அத்த?"

நாயனம் வாசித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் அந்தக் குரல் கீழேவரை கேட்டது. அவள் அம்மா முனியம்மாவை அப்போதுதான் நான் தேடினேன். சாப்பாட்டு ஹால் வாசலில், கதவை ஒட்டி நின்றிருந்தார். நிலத்தில் கூலி வேலை செய்து ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தவர்.

"நல்ல நேரத்துல இன்னா பேச்சுடி இது?" என்றார் அத்தை.

"எங்கம்மா வெக்கட்டும். அதுக்கப்புறம்தான் மணவறைக்கு வருவேன்."

எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், மடியில் பேரப்பிள்ளை. இந்தக் கல்யாணம் இப்போது அவர் வாயில் இருக்கிறது என்று தோன்றியது. அவர் குழந்தையை வேறு மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தார்.

"இன்னா பாத்துனு நிக்கிறீங்க? முகூர்த்தம் போவுது. சம்பந்திய கூப்புடுங்க."

முனியம்மா வரவில்லை. "வேணாம்மா, நான் இங்கருந்தே பாக்குறேன்" என்று கையை ஆட்டினார். நடப்பது எதுவும் புரியாமல் மேடையில் நின்ற மார்த்தாவுக்கு, எல்லோரும் அந்த அம்மாவைப் பார்ப்பது மட்டும் புரிந்தது. இறங்கிப் போய், அழைத்துவர வேண்டியவர் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கூட்டத்துக்கு நடுவே வந்தது எனக்கு இன்றும் கனவில் கண்டது போலத்தான் ஞாபகம் இருக்கிறது. புகையில் பச்சைச் சேலையும் வெளுத்த நூல்சேலையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்தன. சத்தமே இல்லாததுபோல் இருந்தது.

முனியம்மா கை நிறையச் சந்தனத்தை அள்ளிப் பூசினார். சந்தனம் மகளின் கன்னத்திலிருந்து கழுத்துவரை வழிந்தது. யாரும் துடைக்கவில்லை. அடுத்ததாக மார்த்தா வைத்தார். பிறகு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் இன்னொரு முறை வைத்தார்.

4. திரும்பும் வழி

காரில் மார்த்தாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். எங்கள் ஊரைத் தப்பாக நினைப்பார் என்று உள்ளுக்குள் கூச்சமாக இருந்தது. பனி விலகி மலை வெளுப்பாகத் தெரிந்தது.

"என் அப்பா இறந்த பிறகு என் அம்மா சாகும்வரை கறுப்புதான் உடுத்தினார்" என்றார் மார்த்தா. "எங்கள் கிராமத்தில் எல்லா விதவைகளும் அப்படித்தான். என் கல்யாணத்தன்று சர்ச்சில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே போனார். நானும் முன்னால் வா என்று கூப்பிடவில்லை. அந்தப் பெண் இன்று கூப்பிட்டாள்."

திங்கட்கிழமை அதே மார்த்தா வந்தார். மறுபடி லைனை நிறுத்தினார்.

புதிதாக மெர்ச்சண்டைசிங்குக்கு வரும் பிள்ளைகள், பயருக்கும் லைனுக்கும் நடுவில் எப்படிப் பேசுவது என்று என்னிடம் கேட்பதுண்டு. அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் அப்படியே கொடுத்துவிடுங்கள் என்பேன். எது நல்லது, எது கெட்டது என்று நடுவில் நிற்கும் நமக்குத் தெரியாது. அன்று மேடையில் நான் நல்லதாக ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் யார் மனமும் நோகாமல் நலங்கு முடிந்திருக்கும். முனியம்மா சாப்பாட்டு ஹால் கதவை ஒட்டியே நின்றிருப்பார்.