அர்டிஸின் கிட்டப் படங்கள்

என் அண்ணன் ஓர்லினின் மனைவி அர்டிஸ். மினசோட்டாவில் எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் கரண்டி பிடித்தவள். 2002-இல் ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்தார்கள். சோப்புக்கட்டி அளவுதான். அதில் பூப் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் ஒரு சாண் தூரத்தில் இருப்பதும் துல்லியமாகப் பதியும். அமுக்கினாள், அப்புறம் மாற்றவே இல்லை.

அதன்பிறகு மனிதர்கள் யாரும் அவள் கண்ணில் படவில்லை. வெட்டுக்கிளியின் முழங்கால், ஜன்னலில் படிந்த உறைபனி, ரொட்டியின் பொரிந்த ஓரம். என் மகள் கல்யாணத்தில் கேக் மேலிருந்த சர்க்கரை ரோஜாவை இருபத்தாறு படம் எடுத்தாள். மணப்பெண்ணை ஒன்றுகூட எடுக்கவில்லை.

"ஏன்டி, எங்க மூஞ்சியெல்லாம் உனக்கு மூஞ்சியாத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"உன் மூஞ்சிய ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து பாக்கறேன் வெர்னா. இந்த வண்டு மூஞ்சிய இன்னைக்குத்தான் பாத்தேன்."

ஓர்லின் விழுந்து விழுந்து சிரித்தான். சனிக்கிழமைதோறும் எங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, காபியைக் கையில் கொடுத்து, "இது என்ன, சொல்லுங்க பாப்போம்" என்பாள். ஈயின் இறகை நான் சர்ச் ஜன்னல் என்பேன். என் மானம் கப்பலேறும். அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்று திரும்பக் கிடைத்தால் இப்போது எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

2006 அக்டோபரில் ஓர்லின் போய்விட்டான். எங்கள் சர்ச்சில் அடக்க ஆராதனையன்று, போனவரின் படங்களை ஒட்டிய பலகை ஒன்றை வாசலில் வைப்போம். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பலகை என் பொறுப்பு. கல்யாணப் படம் இருந்தது, ராணுவ உடுப்பில் ஒன்று, டிராக்டர் மேல் ஒன்று. கடைசி நாலு வருஷத்துக்கு ஒன்றுமே இல்லை. வயிறு எரிய அர்டிஸ் வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

"நாலாயிரம் படம்! அதுல கட்டின புருஷன் மூஞ்சி ஒண்ணு இல்ல. வெட்டுக்கிளிக்கு இருந்த கொடுப்பினை எங்க அண்ணனுக்கு இல்லாமப் போச்சே!"

அவள் கோபப்படவில்லை. "ஓரத்துல பாரு" என்றாள்.

பார்த்தேன். பூவின் காம்பை இரண்டு விரல்கள் பிடித்திருந்தன. அடுத்த படத்திலும், அதற்கடுத்ததிலும். கட்டைவிரல் நகத்தில் பிளவு. சின்ன வயதில் நான் கொட்டகைக் கதவைச் சாத்தி நசுக்கிய நகம்.

"நம்ம ஊர்க் காத்துல பூ ஒரு இடத்துல நிக்குமா? இந்த கேமரா வேற ஆற அமரத்தான் படம் எடுக்கும். ஓர்லின்தான் முட்டிபோட்டு உக்காந்து பிடிச்சுக்குவாரு. மூச்சுகூட விடமாட்டாரு."

மேலும் தள்ளிக்கொண்டே போனேன். கடைசிக் கோடையில் எடுத்தவை எல்லாம் மங்கல். பூ இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல்தான் இருந்தது.

"மங்கினத உடனே அழிச்சுடுவியே, இத ஏன் வச்சிருக்கே?"

"அப்போ அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. 'நல்லா வந்துச்சா?'ன்னு கேப்பாரு. 'பிரமாதம்'னு சொல்லிடுவேன். பிரமாதம்னு சொல்லிட்டு எப்படிடி அழிக்கறது?"

அவள் அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் படக்கடையில், பலகைக்காகப் பன்னிரண்டு படங்களை அச்சுப்போடக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"பாட்டி, இதெல்லாம் ஆடிப்போன படம். ஒண்ணுமே தெரியல. நீக்கிடட்டுமா?"

"வேண்டாம்மா" என்றேன். "ஆடுறது எங்க அண்ணன்."