ஆறாவது இடுப்பு

வேலைக்கு வந்ததும் நான் முழிப்பது ஆறு இடுப்புகளின் முகத்தில். வட இங்கிலாந்தின் ஒரு பரிசோதனைக் கூடத்தில், உடம்பும் காலும் இல்லாமல், வெறும் உலோகக் குண்டும் கிண்ணமுமாக, ஓர் இயந்திரத்துக்குள் அவை இரவும் பகலும் நடக்கின்றன. செயற்கை இடுப்பு மூட்டு எத்தனை இலட்சம் அடிகளுக்குத் தாங்கும் என்று பார்ப்பது என் வேலை. புதன்கிழமைதோறும் இயந்திரத்தை நிறுத்தி, கழுவி உலர்த்தி, எவ்வளவு தேய்ந்தது என்று எடை பார்ப்பேன். அவை ஊறுவது கன்றுக்குட்டியின் இரத்தநீரில். அம்மாவிடம் எண்ணெய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குள்ளும் அப்படியொரு இடுப்பு இருக்கிறது. இலங்கையில் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள், போன வருஷம் பதுளையில் ஆபரேஷன் செய்துகொண்டாள். சரிவில் ஏறக்கூடாது, சுமக்கக்கூடாது என்றார் டொக்டர். மூன்று மாதம் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், சமர்த்தாக இருந்தாள். பிறகொரு நாள் வீடியோ அழைப்பில் அவள் முன்தலையில் கயிற்றுத் தடம் தெரிந்தது. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிடுகிறவர்களுக்கு மட்டுமே விழுகிற தடம் அது. கேட்டால், "நடக்கத்தானே புள்ள போட்டாங்க, ஒக்காரவா?" என்கிறாள். எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் எங்கள் பொறுப்பாளர் மார்க்கிடம், நம் இடுப்புகள் சமதரையில் வெறுங்கையோடு நடக்கின்றன, என் அம்மா அப்படி நடப்பதில்லை என்றேன். கடைக்குப் போய்ப் பை தூக்கி வருவாரா என்று கேட்டார். என் பையின் வாரைத் தலையில் மாட்டி, முன்னால் குனிந்து, மேசைகளுக்கிடையே சரிவிறங்குவதுபோல் நடந்துகாட்டினேன். மார்க் மரியாதையாகக் கைதட்டினார். எங்கள் ஊர் நடனம் என்று நினைத்துவிட்டார். விளக்கியதும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறாவது இடுப்புக்கு மட்டும் சுமையைக் கூட்டிப் பார்க்க அவரே ஏற்பாடு செய்தார்.

நான்கு வாரத்தில் ஆறாவது மற்ற ஐந்தையும்விட அதிகமாகத் தேய்ந்திருந்தது. அம்மாவிடம் அதைச் சொல்லி, இனி மலைக்குப் போகாதே என்றேன்.

"லயத்துல தனியா குந்திக்கிட்டு யாரு மொகத்தப் பாக்குறது? மலையிலதான் எல்லாரும் இருக்காளுக."

அவளைத் தனியே விட்டு வந்தவள் நான். பிறகு அவளே, உன் மிஷின் ஓயவே ஓயாதா என்று கேட்டாள். புதன்கிழமை மட்டும் என்றேன்.

"அப்ப அன்னைக்கு நானும் ஒக்காந்துக்கிறேன். மத்த நாளைக்கு ஏத்தமில்லாத ரோட்டோரத்து நெரையக் குடுக்கச் சொல்லி கங்காணிகிட்ட கேக்குறேன்."

அதற்கு மேல் அவளிடம் பேரம் பேச முடியாது.

இப்போது புதன்கிழமைகளில் இயந்திரத்தை நிறுத்தியதும் போனைத்தான் எடுக்கிறேன். அங்கே உச்சி வெயில் தாழ்ந்திருக்கும். அம்மா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, தலையைத் திரையருகே கொண்டுவந்து காட்டுவாள். தடம் இருக்காது. மனசு நிறைந்து ஆறாவதைக் கழுவித் துடைக்கிறேன், எடை பார்த்துத் திரும்ப மாட்டுகிறேன். சுவிட்சைப் போட மட்டும் கை வருவதில்லை. இங்கே இது நடக்கத் தொடங்கினால், நாளைக் காலை அங்கே அவள் மறுபடி தலையில் கூடைக் கயிற்றை மாட்டுவாள்.