மத்யமத்துக்கு ஊசி இல்லை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கணக்கு வாத்தியார். நிரூபிக்க முடியாததைப் பேசாதே என்று பையன்களை அதட்டியே பாதி ஆயுள் போயிற்று. இதையும் என்னால் நிரூபிக்க முடியாது. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஹார்மோனியம் ரிப்பேர் செய்துவந்த ரஹீம் பாய் என் சிநேகிதர். நாடகக் கம்பெனியில் வாசித்தவர், கம்பெனி வண்டி கவிழ்ந்து வலது கை நசுங்கியதோடு அந்தப் பிழைப்பு போய்விட்டது. கை போனால் என்ன, பெட்டியே வாசிக்கட்டும் என்று காலால் மிதிக்கிற ஹார்மோனியம் ஒன்றை மாற்றி அமைத்திருந்தார். மிதித்தால் உள்ளே ஒரு காகிதச் சுருள் நகரும், ஓட்டை வருகிற இடத்தில் காற்றுப் புகுந்து அந்தச் சுரம் பேசும். பெட்டிக்கு ச-வும் தெரியாது ரி-யும் தெரியாது, ஓட்டை ஒன்றுதான் தெரியும். அதைக் கட்டம் எண்ணி எண்ணிக் கையாலேயே குத்தினோம், ஒரு கட்டம் தப்பினால் சுருளே வீண். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எழுதின சுரத்தை ஓட்டையாக மாற்றித் தர இன்னொரு யந்திரம் செய்தால் என்ன? டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள், ச-வை அழுத்தினால் ச-வுக்கான ஊசி இறங்கும், காகிதம் ஒரு கட்டம் நகரும். பெட்டியையும் மயிலாப்பூரில் என் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, ஒன்றரை வருஷம் அதைச் செய்தோம்.

பாய் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. அவர் மனசில் ஒரு மெட்டு இருந்தது, மோகனத்தில் அவரே போட்டது. வாசிக்கக் கையில்லை, சுரம் எழுதத் தெரியாது. அதை ஒரு தடவை முழுசாகக் காதால் கேட்டுவிட வேண்டும் அவருக்கு. அவர் பாட நான் எழுதினேன். மோகனத்துக்கு ஐந்தே சுரம், அதனால் ஐந்து ஊசிதான் பொருத்தியிருந்தேன். முதல் பாதி நன்றாகப் போனது. இரண்டாம் பாதி தொடங்கியதுமே பாய் மத்யமத்தை, அதாவது ம-வைத் தொட்டார், அந்த ராகத்தில் அது கிடையவே கிடையாது.

"பாய், இங்க மத்யமம் வராது. வந்தா அது மோகனமே இல்லை."

"அது இன்னாவா வேணா இருந்துட்டுப் போவட்டும் ஐயரே. எனக்கு அப்டித்தான் கேக்குது. ஒரு ஊசி போட்டுக் குடேன்."

ஒரு ஊசி, அரை மணி வேலை. மாட்டேன் என்றேன். கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு. யார் கேட்கப்போகிறார்கள்? திமிர், வேறென்ன சொல்ல. வேறு மாதிரி யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அதற்குள் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாக ஆரம்பித்தது, நானும் மனைவியை அழைத்துக்கொண்டு கும்பகோணம் போய்விட்டேன். பாயிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. சில மாதம் கழித்துத் திரும்பி வந்து அவர் கடைக்குப் போனால், ஜுரத்தில் நாலே நாளில் போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணி. மனசு கேட்காமல், எழுதி வைத்திருந்த முதல் பாதியைப் புதுச் சுருளில் அடித்து, பெட்டியில் மாட்டி மிதித்தேன். பாதி வந்தது, முடிந்தது. வெறும் காகிதம் ஓடுகிறது, காலை எடுக்கத் தோன்றாமல் மிதித்துக்கொண்டே இருக்கிறேன். அப்போது மத்யமம் பேசியது.

ஊசியே இல்லாத சுரம். அதைத் தொட்டு மெட்டு மேலே ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டின் உயிரே அந்தச் சுரத்தில்தான் இருந்தது. பாய் சொன்னதுதான் சரி. அது புரிந்த அதே நேரத்தில் பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டேன். பெட்டி நின்றுபோனது.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "ஏன்னா, நல்ல இடம் வந்தப்போ நிறுத்திட்டேள்? நன்னா இருந்துதே."

சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் பாதிக்கு அப்புறம் ஒரு ஓட்டை கிடையாது. அன்றைக்கே மத்யமத்துக்கு ஊசி பொருத்தினேன். யாருக்காகவோ தெரியவில்லை. அதே சுருளை மாட்டி மறுநாளும் மிதித்தேன், அதற்கு மறுநாளும் மிதித்தேன். பாதியோடு சரி, அப்புறம் வெறும் காற்று. அவர் கேட்டபோது மறுத்தேன், அவரே வந்து கொடுத்தபோது பயந்தேன். இதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

ஒருநாள் மனைவி காய் நறுக்கிக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தாள். நான் காலை எடுத்த இடத்தையும் தாண்டிப் போனாள். எங்கே கேட்டாய் என்றேன்.

"இதென்ன கேள்வி? நீங்கதானே தினம் வாசிக்கறேள்."

முழுசாகப் பாடு, எழுதிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். கேட்கும்போது தெரிகிறது, பாடப்போனால் நழுவிவிடுகிறது என்கிறாள். இப்போதும் தினமும் மிதிக்கிறேன். பாதி முடிந்ததும் சமையலறையில் அரிவாள்மணைச் சத்தம் நின்றுவிடும். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குக் காற்றுச் சத்தம்தான்.