மல்வீனா ஓட்டுப் போட்ட ஞாயிறு

ஜெர்மனியின் பொமரேனியாவில் ஒரு பெரும்பண்ணையின் மாட்டுத் தொழுவத்தில் பதினான்கு வயதிலிருந்து பால் கறந்தவள் மல்வீனா. கல்யாணத்துக்குக்கூட எஜமானிடம் உத்தரவு கேட்டாள். புருஷன் காய்ச்சலில் போனான். ஒரே மகன் ரெய்ன்ஹோல்ட் போருக்குப் போய் பிரான்சு மண்ணில் புதைந்தான். ஜெர்மனி போரில் தோற்றதும் பேரரசர் கெய்சர் ஹாலந்துக்கு ஓடிவிட்டார். இனி வேலைக்காரர்களை அடிக்க எஜமானுக்கு உரிமை இல்லை என்று பெர்லினில் அறிவித்தார்களாம். பெண்களுக்கும் ஓட்டு உண்டாம். இரண்டையும் மல்வீனா நம்பவில்லை.

1919 ஜனவரியில், ஒரு ஞாயிறன்று தேர்தல் வந்தது. பண்ணை மேற்பார்வையாளர் விட்கோ எல்லோரையும் வண்டியில் ஏற்றி, பள்ளிக்கூட வாசலில் இறக்கினார். அந்தக் காலத்தில் ஓட்டுச்சீட்டைக் கட்சிகளே அச்சடிக்கும். எஜமானின் கட்சி அச்சடித்த சீட்டை ஒவ்வொருவர் கையிலும் திணித்தார்.

"மடிச்சு உறையில போடணும், அவ்வளவுதான். யோசிக்கிற வேலை உனக்கு எதுக்கு மல்வீனா?"

"சரிங்க ஐயா."

அவள் காலுறைக்குள் இன்னொரு சீட்டு இருந்தது. பால் கேன் இறக்கப் போன இடத்தில் ஒரு ரயில்வே தொழிலாளி கொடுத்த சோஷலிஸ்டுச் சீட்டு.

வகுப்பறை மூலையில் கம்பளியைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டியிருந்தார்கள். மல்வீனா உள்ளே போனாள். ஒரு மேஜை, ஒரு பென்சில். வேறு யாருமில்லை. அவள் திகைத்து நின்றுவிட்டாள். தூங்கியது நாலு பெண்களோடு ஓர் அறையில். ஜெபித்தது சர்ச்சில் எஜமானி உட்காரும் வரிசைக்குப் பின்னால். தன்னை ஒருவரும் பார்க்க முடியாத இடத்தில், ஒரு நாடே தன் பதிலுக்காகக் காத்திருக்க, அவள் வாழ்நாளில் நின்றதில்லை. குனிந்து காலுறையிலிருந்து சீட்டை எடுத்தாள்.

வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பண்ணையில் இதைச் செய்தது தான் ஒருத்திதான், பிடித்துவிடுவார்கள் என்று ராத்திரி முழுக்கப் புரண்டாள்.

மறுநாள் விட்கோ தொழுவத்துக்குள் புயல்போல் நுழைந்தார்.

"பாதிக்கு மேல சிவப்புச் சீட்டு! எங்க சோத்தைத் தின்னுட்டு எங்களுக்கே குழி வெட்டினது யாரு? சொல்லுங்க!"

மாடுகள் அசைபோட்டன. பாதிக்கு மேலா? மல்வீனா மெல்லத் தலையைத் திருப்பினாள். அடுத்த மாட்டின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு லிஸ்பெத் தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தப் பக்கம் கிழவன் ஃப்ரான்ஸ் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டிருந்தான். அவன் உதடும் துடித்தது.

விட்கோ போனதும் லிஸ்பெத் கிசுகிசுத்தாள். "அக்கா, நீயுமா?"

"அடிப்பாவி! நான் ஒருத்திதான்னு நினைச்சு நேத்து செத்துப் பொழைச்சேனே!"

"நானுந்தான். எம்புருஷன்கிட்டகூட மூச்சு விடல. அவரும் போட்டிருப்பாரு போல, எங்கிட்ட சொல்லலையே!"

பயந்த ஒவ்வொருவரும் தனியாகப் பயந்திருந்தார்கள். அந்த விந்தையை நினைத்து மல்வீனா நாளெல்லாம் தன்னையறியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

வசந்தத்தில் பண்ணைத் தொழிலாளர் குழுவுக்கு அவளையும் தேர்ந்தெடுத்தார்கள். எஜமானுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, குடிசைக் கூரை ஒழுகுவதைச் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனாலும் முழுசாகச் சொன்னாள். கூரை வேயப்பட்டது.

அடுத்த மார்ச்சில் பெர்லினில் சில தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். எஜமான் பண்ணையில் தங்க வைத்திருந்த பழைய சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து, குழுவிலிருந்த ஃப்ரான்ஸையும் லிஸ்பெத்தின் புருஷனையும் இழுத்துப் போனார்கள். வைக்கோலுக்குள் ஒளிந்த மல்வீனா தப்பினாள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, நாடு முழுக்க ரயிலும் ஆலையும் நின்றன. சில நாளில் தளபதிகள் ஓடினார்கள். லிஸ்பெத்தின் புருஷன் உடைந்த தாடையோடு திரும்பினான். ஃப்ரான்ஸ் திரும்பவில்லை. அவனைச் சுட்டவர்களை யாரும் விசாரிக்கவும் இல்லை.

ஜூனில் மறுபடி தேர்தல்.

"போகணுமா அக்கா?" என்றாள் லிஸ்பெத்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஃப்ரான்ஸ் இருந்தா போயிருப்பாருல்ல? வா."

பால் கறந்து முடித்து, கை கழுவி, இருவரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள்.