தந்தியம்மா கோர்த்த பெயர்

சாவி வெட்டும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவளுடைய கடை. இருவர் உள்ளே உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதை மோர்ஸ் தந்திக் குறியீட்டில் கைவளையமாகக் கோர்த்துத் தருவாள். புள்ளிக்கு உருண்டை மணி, கோட்டுக்கு நீள மணி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு குட்டி வெள்ளி மணி. தெருவுக்கே அவள் தந்தியம்மா.

"தந்தியம்மாகிட்ட ரகசியம் சொல்லிடாதீங்க. கோர்த்து யார் கையிலயாவது மாட்டி விட்ருவாங்க" என்று சாவிக்கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவளும் சிரித்து வைப்பாள்.

கணவர் கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கற்ற வித்தைதான் இது. கோர்ப்பது அவள், சரிபார்ப்பது அவர். மணிகளை விரலால் தடவிப் பார்த்து, சரியாக இருந்தால் பெயரை வாய்விட்டுச் சொல்வார். அதைக் காதால் கேட்ட பிறகுதான் அவள் முடிச்சுப் போடுவாள்.

முதல் வளையத்தை மகளுக்குத்தான் விளையாட்டாகக் கோர்த்தாள். ஒரே மகள். கல்யாணத்தன்றுகூட அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தவள். கல்யாணமான மறுவருடமே காய்ச்சலில் போய்விட்டாள். வளையமும் அவளோடு போனது.

அதற்குப் பிறகு அந்தப் பெயரைத் தந்தியம்மா வாயால் சொன்னதில்லை. விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. யாருடைய பேரனுக்கோ காதலிக்கோ கோர்க்கும்போது முதலெழுத்து ஒத்துப்போனால் போதும், கை போன போக்கில் மகளின் பெயரையே கோர்த்து வைத்துவிடும். கணவர் தடவிப் பார்ப்பார். பெயரைச் சொல்லாமல் மணிகளை உருவிக் கிண்ணத்தில் போடுவார்.

"உனக்குக் கண்ணாடி மாத்தணும் போல இருக்கு."

"ஆமாங்க, மாத்தணும்."

கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மருமகன் ஈரம் காயுமுன்னே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றுவிட்டாள் தந்தியம்மா. சின்ன வயதுக்காரன், காலமெல்லாம் ஒண்டிக்கட்டையாக இருக்கச் சொல்ல முடியுமா? அந்த நியாயமெல்லாம் அவளுக்குத் தெரியாமலா? தெரிந்தும் வயிறு எரிந்தது.

ஒரு மத்தியானம் கைக்குழந்தையோடு ஒருத்தி கடை வாசலில் வந்து நின்றாள். மருமகனின் புது மனைவி. அவன் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா பேர்ல ஒரு வளையம் வேணும்மா."

"குழந்தைக்குக் கட்டக் கூடாது. மணி வாய்க்குப் போயிடும்." கடைக்காரியாகவே பதில் சொன்னாள்.

"என் கைக்குத்தாம்மா."

"பேரென்ன?"

அவள் சொன்னது மகளின் பெயர்.

"அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் வெச்சேன். எங்க வீட்ல அவங்க பேர யாருமே எடுக்கறதில்ல. எனக்கு அது சரியாப் படல. முதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கணும், தைரியம் வரல. முடியாதுன்னா சொல்லுங்க, போயிடறேன்."

குழந்தை எட்டி மணிக்கிண்ணத்தைப் பிடிக்கப் பார்த்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடுவதற்குத் தந்தியம்மாவுக்குச் சொந்தச் சதை என்று எதுவும் மிச்சமில்லை. இது யாரோ பெற்ற பிள்ளை.

"நான் கோர்க்கறேன். நீ கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வா" என்றார் கணவர்.

"அந்த நூல எடுங்க" என்றாள் அவள்.

வேண்டாத நேரமெல்லாம் தானாக ஓடிய விரல்கள் அன்று ஓடவில்லை. பாதியில் அடுத்தது உருண்டையா நீளமா என்பதே மறந்துபோயிற்று. கணவர் மேசையில் விரலால் தட்டினார்; கோடு வந்த இடத்தில் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தார். அவர் தட்டத் தட்ட அவள் ஒவ்வொன்றாகக் கோர்த்து முடித்தாள்.

அவர் வாங்கித் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இத்தனை நாள் அவளுக்காக அடக்கி வைத்திருந்த மனுஷன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

சொல்லாமல் முடிச்சு விழக் கூடாது. அதனால் தந்தியம்மாவே சொன்னாள். மெல்லச் சொல்லத்தான் நினைத்தாள்; சாப்பிட வா என்று அடுக்களையிலிருந்து மகளைக் கூப்பிடுவாளே, அந்தக் குரலில் வந்துவிட்டது.

குழந்தை தலையைத் திருப்பி, கூப்பிட்டது யார் என்று அவளைப் பார்த்தது.

அந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதற்கு ஒரு முகம் திரும்பி எத்தனை காலம் ஆகிறது. திரும்பிய முகம்தான் வேறு. முடிச்சுப் போட அவளுக்குக் கை வரவில்லை. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடமிருந்து நூலை வாங்கி, முடிச்சைப் போட்டார்.