அமுக்காத கைகள்

குறட்டைச் சத்தம் கேட்டால் எனக்கு வியர்த்துவிடும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வாய் பிளந்து உறங்கினாலே போதும், எழுந்து நின்றுகொண்டுதான் ஊர் வந்து சேர்வேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் என் கைகளுக்குக் கீழே செத்துக்கொண்டிருந்தார். நான் காப்பாற்றுவதுபோல் நடித்தேன். காப்பாற்றத் தெரிந்த ஒருத்தி ஓடி வந்தாள்... அவளைத் தள்ளி நிற்கச் செய்தேன்!

என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற ஒரே தைரியம்தான்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவில் நான் சூப்பர்வைசர். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். முதலுதவி தெரிந்தவர் கம்பெனியில் இருக்க வேண்டும், அவர் கையில் பச்சைப் பட்டை இருக்க வேண்டும், அவர் பயிற்சி எடுக்கும் படம் சுவரில் தொங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் சட்டம். அந்த ஆளாக முதலாளி என்னைத் தேர்ந்தெடுத்தார். பயிற்சியாளர் ரப்பர் பொம்மையோடு வந்த அன்றைக்கென்று பார்த்து, அவசரமாகச் சரக்கு ஏற்ற வேண்டிய கண்டெய்னர் வாசலில் வந்து நின்றது.

"கிளாஸ இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமுங்க. போட்டோவ மட்டும் இப்ப எடுத்துருங்க," என்றார் முதலாளி.

மண்டியிட்டேன். பொம்மையின் மார்பில் கை வைத்தேன்.

"சார், மெதுவாங்க! பொம்மைக்கு வலிக்கப் போகுது!" தையல் மெஷின்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

"இப்படிப் பொம்மையோட இருக்கறது ஊட்டுல அக்காவுக்குத் தெரியுமுங்களா?" இன்னொருத்தி. சிரிப்பு கூரையைத் தொட்டது.

"அசையாம இருங்க சார்," என்றான் படம் எடுத்தவன். அசையாமல் இருந்தேன். நான் பெற்ற பயிற்சி அவ்வளவே!

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? உண்மையைச் சொல்லட்டுமா... அந்தப் பட்டை எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு மெஷின் வரிசைகளுக்கு நடுவே நடக்கையில் நானே கொஞ்சம் உயரமாகிவிட்டதாகத் தோன்றும்.

பிறகு அந்த டீ நேரம். எதிர்ப்புற பேக்கரியிலிருந்து எங்கள் வாட்ச்மேன் சாலையைத் தாண்டி ஓடி வந்தார்.

"சார், சீக்கிரம் வாங்க! ஒருத்தர் உழுந்துட்டாருங்க!"

ஓடினேன். விழுந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். முன்பின் அறியாத முகம். பாதி தின்ற பன் கையருகே கிடந்தது. உதடுகளில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம்... நீண்ட ஒரு குறட்டை. ஓர் இடைவெளி. மறுபடியும் ஒரு குறட்டை.

"மூச்சு உடறாருங்க. தூங்கற மாதிரிதான் இருக்குது," என்றார் பேக்கரிக்காரர்.

நானும் தலையாட்டினேன். அது மூச்சல்ல. நின்றுபோன இதயத்தோடு ஓர் உடல் காற்றுக்காகப் போடும் சண்டை அது. ஒழுங்காகப் பயிற்சி எடுத்த எவருக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாது!

கூட்டம் என் கையைப் பார்த்தது. பட்டை கட்டிய கை. மண்டியிட்டு, படத்தில் இருந்தது போலவே அவர் மார்பில் இரு கைகளையும் வைத்தேன். சட்டைப் பையில் இருந்த பேனா உள்ளங்கையில் குத்தியது. அழுத்தினால் எலும்பு முறிந்துவிடுமோ? முறிந்தால் பழி யாருக்கு? தோள்களை மட்டும் ஆட்டினேன். அமுக்குவதுபோல் தெரிந்திருக்கும். நான் அமுக்கவில்லை.

பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தெற்கத்திப் பேச்சு.

"அண்ணாச்சி, வழி விடுங்க. நான் நர்ஸு. இது மூச்சு இல்ல, நான் பாக்கேன்."

"எங்க சார் டிரெய்னிங் எடுத்தவருங்க. நீங்க தள்ளி நில்லுங்கம்மா," என்றார் வாட்ச்மேன் பெருமையாக.

அவள் பட்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. நகர்ந்திருக்கலாம்... வெறுமனே நகர்ந்திருந்தால் போதும்! ஆனால் அன்று சிரித்த தையல்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். இன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

"நான் பாத்துக்கறேங்க," என்றேன்.

"அப்போ நல்லா ஆழமா அமுக்குங்க அண்ணாச்சி!" அவள் குரல் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது. சற்று நேரத்தில் குறட்டையும் நின்றது.

"அப்பாடா, அடங்கிருச்சு," என்றார் யாரோ, நிம்மதியாக.

ஆம்புலன்ஸில் வந்தவர் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு அமுக்கத் தொடங்கினார். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அந்த உடல் முழுவதும் குலுங்கியது. மார்பு அத்தனை ஆழம் இறங்குமா! என் கைகள் சட்டைத் துணியைத் தாண்டியிருக்கவேயில்லை.

"எப்ப இருந்து அமுக்கறீங்க?"

"உழுந்ததுல இருந்தேங்க," என்றேன். வாய் கூசவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அவள் கை பட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? எந்த மருத்துவரிடமும் நான் கேட்டதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இப்போதாவது கற்றுக்கொள்ளலாமே என்பீர்கள். ஒரு வகுப்பின் வாசல்வரை போனேன். உள்ளே பொம்மையை அமுக்கும் சத்தம் கேட்டது. கற்றுக்கொண்டால், அன்று என்ன செய்திருக்க வேண்டும் என்பது என் கைகளுக்கே தெரிந்துவிடும். திரும்பிவிட்டேன். பட்டையை மட்டும் கழற்ற முடியவில்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பார்களே!

சென்ற மாதம் இறந்தவருடைய மனைவி குன்னத்தூரிலிருந்து வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. எங்கள் கம்பெனிக்கு எதிரிலேயே விழுந்தவர் என்று முதலாளி மனமிரங்கி அந்த மகளுக்கு, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை போட்டுக் கொடுத்திருந்தார். அந்த அம்மா என்னைத் தேடி வந்து கும்பிட்டார்.

"கடைசி வரைக்கும் நீங்கதான் அவரு நெஞ்சுல கை வெச்சுட்டு இருந்தீங்களாமுங்க."

மகளை இழுத்து என் முன்னால் நிறுத்தினார்.

"இவளுக்கும் அவங்கப்பா மாதிரியே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க. டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு. நீங்க இருக்கற இடம்னுதான் தைரியமா உட்டுட்டுப் போறேனுங்க."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. அதற்குள் வாசலில் பேருந்து வந்து நின்றுவிட்டது. படியில் ஒரு காலை வைத்தபடி அவர் மகளிடம் திரும்பினார்.

"கண்ணு, உனக்கு ஏதாச்சும்னா வேற யாரையும் தேடாத. இந்த மாமாவையே கூப்புடு."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கூப்புடு கண்ணு," என்றேன். "ஓடி வந்துடறேன்."